கயிறும் பிடிப்பும்: முத்துக்கரையில் இழையின் கதை

தூத்துக்குடிக் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரையக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு, பாண்டியரின் கொற்கைச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், தண்டனை பெற்ற கைதிகள் மூழ்கியதைக் குறிக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, குளிப்புப் பருவத்தையும் படகுகளையும் மந்திரத்தால் சுறாவைக் கட்டுபவர்களையும் பற்றி விரிவாகச் சொல்கிறார். போர்ச்சுகீசியர் காலத்திலும், 1658-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர் காலத்திலும், 1825-க்குப் பின் நிலைபெற்ற ஆங்கிலேயர் காலத்திலும் கணக்குகள் பெருகின. எத்தனை தோணி, எத்தனை குளியாள், எத்தனை ஆயிரம் சிப்பி, அரசுக்கு எத்தனை பங்கு என்று எல்லாம் எழுத்தில் ஏறின. குளியாளின் உயிர் எதில் தொங்கியதோ அந்தக் கயிறு மட்டும் கணக்கில் ஓரமாகவே நின்றது. சலாபத்தின் கதையை முத்திலிருந்து தொடங்காமல் கயிற்றிலிருந்து தொடங்கினால், இன்றைய ஆய்வுக்கூடங்களில் பேசப்படும் ஒரு கேள்வி இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பது தெரியும்.

சலாபத்தின் வேலைமுறையே கயிற்றைச் சுற்றி அமைந்தது. தொலையிரம் பார் போன்ற முத்துப்பார்கள், அதாவது முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகள், பத்துப் பாகத்தை (கடலாழம் அளக்கும் அளவு) ஒட்டிய ஆழத்தில் கிடப்பவை. குளியாள் ஒரு கல்லில் காலை ஊன்றி, அதன் கனத்தோடு இறங்குவார். கல்லுக்கு ஒரு கயிறு, சிப்பி சேர்க்கும் வலைப்பைக்கு ஒரு கயிறு. தரை தொட்டதும் கல் மேலே போய்விடும். மூச்சு முட்டும்போது அவர் கயிற்றை அசைப்பார். அந்த அசைவை உணர்ந்து மேலே நிற்பவர் இழுக்க வேண்டும். கயிறு பிடிக்கும் வேலையை மைத்துனனிடம்தான் கொடுக்க வேண்டும், தங்கையின் தாலியை நினைத்து அவன் விடமாட்டான் என்பது கரையில் வழங்கும் பேச்சு. கயிறு தடிப்பா மெல்லிசா என்பதற்கு முன்னால், பிடிப்பவர் யார் என்று கேட்ட பேச்சு அது. இழைகளின் வரலாறும் இதே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. தென்னை நாரிலிருந்து நைலான் வரை இந்தக் கரைக்கு வந்து போன ஒவ்வொரு இழையின் வலிமையையும், அது எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட வேறு மூன்று காரியங்களே அதிகம் தீர்மானித்தன: உள்ளே இருக்கும் நுண்ணுறுப்புகள் எந்தத் திசையில் அடுக்கியிருக்கின்றன, அவை ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன, அந்தப் பிடிப்பைத் தண்ணீர் என்ன செய்கிறது. பாலிமர் இழைக்குள் நானோ செல்லுலோஸைக் கலந்து வலுவேற்றும் இன்றைய முயற்சியையும் இந்த மூன்றையும் கொண்டே எடைபோட வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் தென்னை நார். கட்டுமரம் என்ற சொல்லிலேயே கட்டு இருக்கிறது. மரத்தை மரத்தோடு கட்டுவதற்கும், தோணியை நிறுத்துவதற்கும், நங்கூரத்துக்கும் தென்னங்கயிறு வேண்டும். தாவர நார்களின் உடம்பு செல்லுலோஸ். பிரான்சின் ஆன்செல்ம் பாயன் 1838-இல் பிரித்தறிந்த இந்தப் பொருள், சர்க்கரை அலகுகள் நீளமாகக் கோத்த சங்கிலி. பல சங்கிலிகள் சேர்ந்து மூன்று நான்கு நானோமீட்டர் அகலமுள்ள நுண்ணிழையாகின்றன. நுண்ணிழைகள் நாரின் சுவருக்குள் சுருள்சுருளாக ஏறுகின்றன. அந்தச் சுருள் நாரின் அச்சோடு சாயும் கோணம்தான் விசேஷம். சணல், ஆளி போன்ற நார்களில் கோணம் சிறியது. நுண்ணிழைகள் ஏறத்தாழ நேராக நிற்பதால் நார் விறைப்பாக இருக்கும், அதிகம் நீளாது. தென்னை நாரில் அந்தக் கோணம் 45 பாகையை நெருங்குகிறது. இழுத்தால் முதலில் சுருள் பிரிகிறது, பிறகுதான் சங்கிலிகள் சுமையை ஏற்கின்றன. அதனால் வெறும் வலிமையில் தென்னை நார் பின்தங்கியது. ஆனால் அலை வெட்டி இழுக்கும்போது அறாமல் நீண்டு கொடுக்கும். அதோடு அதன் எடையில் கணிசமான பங்கு லிக்னின். செல்லுலோஸைச் சுற்றிப் பிசின்போல் இறுகி நிற்கும் அந்தப் பொருள், உப்புநீரில் நார் சீக்கிரம் இற்றுப்போகாமல் காக்கிறது. வலிமை குறைந்த நாரைக் கடல் ஏன் விரும்பியது என்பதற்கு விடை நுண்ணிழையின் சாய்விலும் அதைச் சூழ்ந்த பிசினிலும் இருக்கிறது.

அதே கரையில் இரண்டாவதாகப் பனை. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுப் பனைகளின் மட்டையடியை நசுக்கி, சீவி எடுக்கும் தும்பு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. பனந்தும்பு ஏற்றுமதிக்குத் தூத்துக்குடியே முதன்மையான வாசல். ஆனால் அது அங்கே கயிறாகவில்லை. பிரஷும் துடைப்பமும் ஆனது. தடித்து விறைத்த இந்த இழை வளைத்தால் மடங்காமல் நிமிரும் குணம் கொண்டது. தென்னை நாரும் செல்லுலோஸ், பனந்தும்பும் செல்லுலோஸ். ஒன்று நங்கூரக் கயிறாகவும் மற்றொன்று சாலை பெருக்கும் பிரஷாகவும் போனதற்கு உள்கட்டின் வேறுபாடே காரணம். வேதியியல் பெயரை மட்டும் பார்த்து விலைபேசியிருந்தால் எந்த வியாபாரியும் தேறியிருக்க மாட்டார்.

மூன்றாவது பருத்தி. கரிசல் காட்டுப் பருத்தி திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் இங்கிருந்து கப்பலேறியது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் அதன் கிராக்கியை உயர்த்தியது. 1876-இல் ரயில் பாதை தூத்துக்குடியை எட்டியது. ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில் இங்கேயே நூல் நூற்றது. 1908-இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அந்த மில் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டியது தேசிய இயக்க வரலாற்றில் நன்கு பதிந்திருக்கிறது. அந்த மில்லின் கதிர்கள் செய்த காரியம் அவ்வளவு பேசப்படவில்லை. இரண்டு சென்டிமீட்டரை ஒட்டிய நீளமுள்ள பஞ்சிழைகள்தான் மைல் கணக்கான நூலாகின்றன. ஒட்டுவதற்குப் பசை இல்லை. முறுக்கேற்றும்போது இழைகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்துகின்றன. இழுக்கும்போது உராய்வின் வழியாக ஒன்றின் சுமை அடுத்ததற்கு மாறுகிறது. இழை நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் உராயும் பரப்பு கூடும், சுமை முழுதும் கைமாறும். குட்டையாக இருந்தால் இழை அறாது, வழுக்கி வெளியே வந்துவிடும். முறுக்குக்கும் அளவு உண்டு. குறைந்தால் நூல் பிரியும். மிஞ்சினால் இழைகள் அச்சிலிருந்து சாய்ந்துபோய் வலிமை விழும். சிறிய துண்டுகளைக் கொண்டு பெரிய வலிமையைக் கட்டுவதற்கான சட்டம் முழுதும் இங்கே இருக்கிறது: நீள அகல விகிதம், அச்சோடு ஒழுங்கு, பரப்பில் பிடிப்பு, மிஞ்சினால் நட்டம்.

பருத்தி நூல் வலையானபோது கடல் தன் நிபந்தனையைச் சொன்னது. நனைந்தால் பருத்தி வலுவிழப்பதில்லை; மாறாகச் சற்றுக் கூடுகிறது. ஆயினும் கடல்நீரிலுள்ள நுண்ணுயிர்களுக்குச் செல்லுலோஸ் உணவு. ஈர வலையைக் குவித்துப் போட்டால் சில வாரங்களில் நூல் இற்றுவிடும். அதனால்தான் வலையை வெயிலில் உலர்த்துவதும், மரப்பட்டையும் காயும் தரும் துவர்ச்சாற்றில் ஊறவைப்பதும் மீனவர் வாழ்வின் ஓயாத வேலையாக இருந்தன. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் நைலான் வந்தது. அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் உருவாக்கிய இழை, ஒரு தலைமுறைக்குள் இந்தக் கரையின் வலைகளை மாற்றிவிட்டது. துவர் ஏற்றும் பானைகள் ஓய்ந்தன.

நைலான் வென்றதே வலிமையால்தானே, உள்கட்டு, பிடிப்பு என்று சுற்றிவளைப்பதேன் என்று ஒருவர் கேட்கலாம். நைலானின் வலிமையைப் பிரித்துப் பார்த்தால் வாதம் இன்னும் உறுதியாகும். உருகிய நைலான் துளை வழியே வந்து ஆறியவுடன் கிடைக்கும் இழை அப்படியொன்றும் வலுவானதல்ல. அதைப் பல மடங்கு நீளமாக இழுக்கிறார்கள். சிக்கிக் கிடந்த சங்கிலிகள் இழுத்த திசையில் நிமிர்ந்து, பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொண்டு படிகமாகின்றன. இழுக்காத நைலானும் இழுத்த நைலானும் ஒரே வேதிப்பொருள். வலையாகத் தகுந்தது இரண்டாவது மட்டுமே. தவிர, நனைந்த நைலான் தன் வலிமையில் பத்துப் பதினைந்து சதவீதம் இழக்கிறது. ஈரத்தில் வலுப்பெறும் பருத்தியை ஈரத்தில் தளரும் நைலான் தோற்கடித்தது எப்படி? நுண்ணுயிர் தின்ன முடியாத உடம்பு அதற்கு இருந்தது. வெற்றியின் பெரும்பகுதி மக்காமையின் வெற்றி. அதன் விலை என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இனி முத்துப்பாருக்குத் திரும்ப வேண்டும். 1902-இல் இலங்கை அரசின் அழைப்பின்பேரில் மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களை ஆராய வந்தவர் லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன். உதவிக்கு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறையில் சேர்ந்து, இந்தியப் பக்கத்து முத்துக்குளிப்பின் வரலாற்றையும் எழுதினார். ஹெர்ட்மனுக்கு இன்னொரு புகழ் உண்டு. ஆசிடியன் எனப்படும் கடலுயிரிகளில் அன்று அவர் உலகறிந்த நிபுணர். ‘சேலஞ்சர்’ கடலாய்வுப் பயணம் சேர்த்த ஆசிடியன்களை அவரே விவரித்தார். ஹெர்ட்மேனியா என்ற பேரினத்துக்கே அவர் பெயர்தான். பாறையிலும் துறைமுகத் தூணிலும் சிப்பியின் முதுகிலும் ஒட்டி வளர்ந்து, தொட்டால் நீரைப் பீச்சும் இந்தப் பிராணி தூத்துக்குடிக் கடலிலும் உண்டு. முத்துச்சிப்பி வளர்ப்பவருக்கு அது சுரண்டி எறிய வேண்டிய தொல்லை. ஆனால் அதன் தோலில் ஒரு வியப்பு இருக்கிறது. 1845-இல் கார்ல் ஷ்மிட் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்தத் தோலில் செல்லுலோஸைக் கண்டார். தாவரத்துக்கே உரியது என்று எண்ணிய பொருளை, விலங்குகளில் இந்த ஒரு கூட்டம் தானே செய்து உடுத்திக்கொள்கிறது.

அந்தத் தோல்தான் 150 ஆண்டுகள் கழித்து ஒரு புதிய துறையைத் திறந்தது. செல்லுலோஸ் நுண்ணிழை முழுதும் ஒரே சீரானதல்ல. இறுகிய படிகப் பகுதியும் இடையிடையே தளர்ந்த பகுதியும் கொண்டது. கந்தக அமிலம் தளர்ந்த பகுதியை அரித்துப் படிகத்தை மட்டும் குச்சிகளாக விட்டுவிடும் என்று ஸ்வீடனில் ரோன்பி 1949-ஐ ஒட்டிக் காட்டினார். பருத்தியிலிருந்து இப்படி எடுக்கும் நானோ செல்லுலோஸ் குச்சி சில நூறு நானோமீட்டர் நீளமே இருக்கும். ஆசிடியன் தோலில் கிடைக்கும் குச்சியோ ஒரு மைக்ரோமீட்டருக்கும் மேல் நீளம், அகலத்தைப்போல் சுமார் 70 மடங்கு. 1995-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் ஃபாவியே, ஷான்ஸி, கவாயே ஆகியோர் அதை ரப்பர்போன்ற பாலிமருக்குள் கலந்தார்கள். எடையில் நூற்றுக்கு ஆறு பங்கு சேர்த்ததிலேயே, இளகிய நிலையில் அந்தப் பாலிமரின் விறைப்பு நூறு மடங்குக்குமேல் கூடியது. குச்சி நீண்டு மெலிந்திருந்ததால் மிகக் குறைந்த அளவிலேயே ஒன்றையொன்று தொட்டு, ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றி, உள்ளே ஒரு வலையாகிவிட்டது. பஞ்சு நூலில் உராய்வு செய்த வேலையை இங்கே அந்தப் பிணைப்பு செய்தது.

பாலிமர் இழைக்குள் இதே குச்சிகளைச் சேர்க்கும்போது என்ன நடக்கிறது? நூற்புத் துளைக்குள் ஓட்டமும் அதன்பின் வரும் இழுப்பும் குச்சிகளை அச்சோடு நிமிர்த்துகின்றன. செல்லுலோஸ் படிகத்தின் விறைப்பு 110 முதல் 150 கிகாபாஸ்கல் வரை மதிப்பிடப்படுகிறது, எஃகு 200, ஆனால் எஃகின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் இதற்கு. பல பாலிமர்களில் குச்சியின் பரப்பிலேயே பாலிமர்ச் சங்கிலிகள் படிகமாகத் தொடங்குவதால், சேர்மானம் தன் வலிமையைக் கொடுப்பதோடு நில்லாமல் சூழ்ந்திருக்கும் பொருளின் கட்டமைப்பையும் மாற்றுகிறது. பாலிவினைல் ஆல்கஹால் போன்ற நீரேற்கும் பாலிமரோடு செல்லுலோஸ் நன்கு பற்றும். எண்ணெய்த்தன்மை கொண்ட பாலிப்ரோப்பிலினோடு பற்றாது. பரப்பை வேதிமுறையில் மாற்றியோ ஒட்டுப்பொருள் சேர்த்தோதான் பிடிப்பை உண்டாக்க வேண்டும். பொதுவாகச் சில சதவீதம் வரை ஆதாயம். அதற்குமேல் போனால் குச்சிகள் தங்களுக்குள் திரண்டு கட்டியாகி, அந்தக் கட்டியிலேயே இழை அறும். வெப்பமும் ஒரு தடை. நைலான் 6 சுமார் 220 பாகை செல்சியஸில் உருகுகிறது. கந்தக அமிலத்தால் எடுத்த குச்சிகள் 200-ஐ ஒட்டியே சிதையத் தொடங்கும். நூல் நூற்பவருக்குத் தெரிந்த முறுக்கின் எல்லைபோல இதற்கும் ஓர் எல்லை உண்டு.

இவ்வளவு ஒப்புமை சொன்னதும், நம் முன்னோர் நானோ நுட்பத்தை அறிந்திருந்தனர் என்று முழங்குவதற்குச் சிலர் கிளம்புவார்கள். அந்த முடிவுக்கு இங்கே சான்றில்லை. கயிறு திரித்தவர் அறிந்தது நாரின் நடத்தை. நுண்ணிழையின் கோணத்தை அவர் காணவில்லை, காண வழியும் இல்லை. ஹெர்ட்மன் முத்துப்பாருக்கு வந்ததும் ஆசிடியன் தோல் பாலிமருக்குள் போனதும் தற்செயலான உறவுதான். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ஆனால் இயற்கை இந்தச் சட்டத்தைக் கையாள்கிறது என்பதற்குப் பாரில் கிடக்கும் முத்தே சாட்சி. முத்தும் சிப்பியின் உட்பூச்சும், அரை மைக்ரோமீட்டர் தடிப்புள்ள சுண்ணாம்புத் தகடுகளைச் செங்கல்போல் அடுக்கி, இடையில் மெல்லிய கைட்டின், புரத ஏடுகள் வைத்துக் கட்டப்பட்டவை. அந்த ஏடுகளின் பங்கு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது. வெறும் சுண்ணாம்புப் படிகம் பொடிந்துபோகும் இடத்தில் இது தாங்குகிறது. அளவு சிறிது, இடம் சரி, பிடிப்பு சரி என்றால் பொருளின் குணமே மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வலுவான ஆட்சேபம் தண்ணீரின் பக்கத்திலிருந்து வருகிறது. செல்லுலோஸ் குச்சிகளைப் பற்றவைக்கும் அதே ஹைட்ரஜன் பிணைப்பை நீர் நடுவில் புகுந்து அவிழ்த்துவிடும். இது ஊகமல்ல. 2008-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து ஆய்வாளர்கள், தொட்டால் தோலை விறைப்பாக்கும் கடல் அட்டையை முன்மாதிரியாக வைத்து, ஆசிடியன் செல்லுலோஸ் கலந்த ஒரு ரப்பரைச் செய்தார்கள். உலர்ந்தபோது சுமார் 800 மெகாபாஸ்கல் விறைப்புக் கொண்டிருந்த அது, நனைந்ததும் 20-ஆக இறங்கியது. அவர்களுக்கு அது வேண்டிய குணம். மருத்துவக் கருவிகளுக்கு உதவும். கயிறும் வலையும் செய்ய நினைப்பவருக்கோ அது எச்சரிக்கை. இதனால் முயற்சியே வீண் என்று ஆகிவிடாது. நீர் புகாத பாலிமருக்குள் குச்சிகளை முழுதும் அடைப்பது, ஹைட்ரஜன் பிணைப்புக்குப் பதில் அவிழாத வேதிப்பிணைப்பு கொடுப்பது போன்ற வழிகள் உண்டு. தென்னை நாரில் லிக்னின் செய்துவந்ததும் இதுதான்: செல்லுலோஸைச் சூழ்ந்து நீரிடமிருந்தும் நுண்ணுயிரிடமிருந்தும் காப்பது. ஆய்வுக்கூடம் தேடும் விடையின் ஒரு மாதிரி நங்கூரக் கயிற்றில் இருந்திருக்கிறது.

கடைசியாக ஒரு நம்பிக்கையையும் சோதிக்க வேண்டும். மக்காத நைலானின் விலை இன்று கடலடியில் கிடக்கிறது. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளத்தில் அறுந்த வலைகள் சிக்கி, ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. செல்லுலோஸ் கலந்தால் பிளாஸ்டிக் பசுமையாகிவிடும் என்ற பேச்சு இங்கே கவர்ச்சியாக ஒலிக்கும். அது சரியல்ல. நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு செல்லுலோஸ் சேர்த்த நைலான், நைலானாகவே கடலில் கிடக்கும். மெய்யான பயன் வேறிடத்தில் இருக்கிறது. மக்கக்கூடிய பாலிமர்கள் வலைக்குத் தேவையான வலிமையில் பின்தங்கி நிற்கின்றன. அவற்றுக்கு வலுவூட்ட, தானும் மக்கக்கூடிய சேர்மானம் வேண்டும். அந்த இடத்துக்கு நானோ செல்லுலோஸ் பொருந்தும். மும்பையிலுள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் பருத்திக் கழிவு போன்றவற்றிலிருந்து நானோ செல்லுலோஸ் எடுக்கும் சோதனை ஆலையை நடத்தியிருக்கிறது. தென்னை மட்டையும் பனந்தும்பும் பருத்திக் கழிவும் குவியும் தென்மாவட்டங்களில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

தூத்துக்குடிப் பார்களில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இங்கேயே சிப்பியை வளர்த்து முத்து விளைவித்தது. கயிற்றைப் பிடித்து நிற்க மைத்துனன் தேவைப்படாத காலம் வந்துவிட்டது. இழைக்குள் எது எதைப் பிடித்து நிற்கிறது என்ற கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. உலர்ந்த அறையில், இழுவைக் கருவியில் அறுத்துப் பார்த்த எண்ணை வைத்துப் புதிய இழையைப் புகழ்வதை இந்தக் கரையின் வரலாறு ஏற்காது. தென்னை நாரையும் பருத்தியையும் நைலானையும் கடல் எடைபோட்டது ஈரத்தில். நானோ செல்லுலோஸ் சேர்த்த இழையும் ஒரு பருவம் முழுக்க உப்புநீரில் கிடந்து, நனைந்தபடியே இழுபட்டு, தன் வலிமையைக் காட்டட்டும். அந்தக் கணக்கு கைக்கு வந்தபிறகு விலை பேசலாம்.